அண்ணன் பெட்டி எது?

"கீய்ங்... கீய்ங்... கீய்ங்..."

திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் சர்வர் அறையின் எச்சரிக்கை மணி கட்டடமே அதிரும்படி அலறியது. கீழ்த்தளத்தில் வரைபடத் துறைக்காரர்கள் மேஜைக்கடியில் குனிந்தார்கள். முதல் மாடியில் நீரளவைத் துறைக்காரர்கள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்கள். இரண்டாம் மாடியில் பதிவேட்டுத் துறைக்காரர்கள் மட்டும் அசையவில்லை. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற சுற்றறிக்கை அவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மணிச் சத்தத்தை நோக்கி ஓடியவர் ஒரே ஒருவர்தான். கணினிப் பிரிவின் தொழில்நுட்பர். பிரிவு என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு ஆள், ஒரு நாற்காலி, ஒரு திருப்புளி. மூன்று தளங்களிலும் உள்ள மூன்று ப்ராக்ஸி சர்வர்களைப் பராமரிப்பது அவர் வேலை. அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அவ்வளவு நீளமான பெயர் வாயில் நுழையாததால் அவற்றைப் 'பெட்டி' என்றார்கள். அவரைப் 'பெட்டிக்காரர்' என்றார்கள்.

நடந்தது இதுதான். அடுத்த வருட விடுமுறைப் பட்டியல் சற்றுமுன் இணையத்தில் வெளியாகியிருந்தது. பட்டியல் என்னவோ ஒரு பக்கம்தான். அதற்கு வாழ்த்துரை நாற்பது பக்கம், வண்ணப் படங்களுடன். நானூறு ஊழியர்களும் ஒரே மூச்சில் அதைத் திறந்தார்கள். மூன்று தளத்துப் பெட்டிகளும் அதே பட்டியலுக்காக, ஒன்றுக்குத் தெரியாமல் ஒன்று, தனித்தனியாக வெளியே கை நீட்டின. கட்டடத்துக்கு வெளி இணைப்பு ஒன்றே ஒன்று. பதினோரு கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் வாங்கியது. அது மூச்சுத் திணறி விழுந்துவிட்டது.

முதன்மை இயக்குநர் பெட்டிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று துறைகளுக்கும் மேலே இருப்பவர் அவர். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். யாரையும் அவர் கடிந்து பேசிக் கேட்டவர்கள் இல்லை. அதனாலேயே எல்லோரும் அவரைக் கண்டு நடுங்கினார்கள்.

"என்ன தம்பி, என்ன ஆச்சு?"

"சார், ஒரு தளத்துல ஒருத்தர் ஒரு பக்கத்தைத் திறந்தா, அதோட நகலைப் பெட்டி எடுத்து வச்சுக்கும். அதே தளத்துல அடுத்த ஆள் கேட்டா வெளியே போகாம அந்த நகலைக் குடுத்துடும். ஆனா மூணு பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசறதில்ல. பேச வச்சுட்டா, வெளியே போறதுக்கு முன்னாடி பக்கத்துப் பெட்டியை 'உன்கிட்ட இருக்கா?'ன்னு கேட்டுக்கும். இருந்தா வாங்கிக்கும். இல்லேன்னா 'இல்லை'ன்னு பதில் வரும், உடனே வெளியே போய் எடுத்துக்கும். அவ்வளவுதான் சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம் சார்."

இயக்குநர் வருத்தத்தோடு சிரித்தார். "இருபது நிமிஷத்துல முடியற வேலைக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க தம்பி. ஒரு வாரம்னு எழுதுங்க. மூணு துறைத் தலைவரும் ஒப்புதல் தரட்டும். வேலை முடிஞ்சதும் உங்களை விடுவிக்கிற ஆணையில நான் கையெழுத்துப் போட்டுடறேன். உங்க மாற்றல் வந்திருக்கே, எனக்கு மறக்குமா?"

பெட்டிக்காரரின் மனைவியும் நாலு வயது மகளும் இருக்கும் ஊர், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். ஆறு வருடம் மனுப் போட்டுப் போட்டுக் கைரேகை தேய்ந்த பிறகு, அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். நடுவில் மிச்சமிருப்பது நாலு நாள். வாங்க வேண்டியது மூன்று கையெழுத்து. இதென்ன பெரிய காரியம் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

செவ்வாய்க்கிழமை, முதல் கூட்டம். வரைபடத் துறைத் தலைவர், நீரளவைத் துறைத் தலைவி, பதிவேட்டுத் துறைத் தலைவர் மூவரும் நீள மேஜையின் மூன்று பக்கங்களில் உட்கார்ந்தார்கள். யார் தலைமை இடத்தில் உட்காருவது என்று தீராததால் நாலாவது பக்கம் காலியாக இருந்தது.

பெட்டிக்காரர் தன் குறிப்பை வாசித்தார். ஒவ்வொரு பெட்டியும் மற்ற இரண்டையும் உடன்பிறப்பாகக் கருத வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது.

வரைபடத் தலைவர் கையை உயர்த்தினார். மீசையை நீவாமல் அவருக்குப் பேச வராது. "நில்லுங்க. உடன்பிறப்புன்னா? அண்ணனா, தம்பியா?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க சார். சமமான பெட்டின்னு அர்த்தம்."

"எந்த வீட்டுல ஐயா சமமான உடன்பிறப்பு இருக்கு? ஒண்ணு அண்ணன், இல்லேன்னா தம்பி. என் துறை தம்பின்னா இப்பவே சொல்லிடுங்க, நான் எழுந்து போறேன்."

"ரெட்டைப் பிள்ளைங்கன்னு வச்சுக்கலாமே," என்றார் நீரளவைத் தலைவி.

"மூணு பெட்டிம்மா. அதோட ரெட்டைப் பிள்ளையிலயும் முதல்ல வெளியே வந்தது யாருன்னு ஆஸ்பத்திரியில கேட்டா சொல்வாங்க."

"சார், மூணும் ஒரே நாள் ஒரே லாரியில வந்தது," என்றார் பெட்டிக்காரர்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் மலர்ந்தன.

"லாரியிலேருந்து முதல்ல இறக்கினது எது?"

வாயிற்காவலரின் பழைய பதிவேட்டைத் தேடி ஆள் போனது. மதியம் மூன்று மணிக்குப் பதிவேடு வந்தது. முதலில் இறங்கியது நீரளவைப் பெட்டி. தலைவி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, அக்கா வேண்டுமானால் எல்லோரையும் அரவணைத்துப் போவாள் என்றார். பதிவேட்டுத் தலைவர் விடவில்லை.

"முதல்ல இறங்கினதுன்னா கடைசியா ஏத்தினதுன்னு அர்த்தம். எங்க பெட்டி லாரியோட அடியில இருந்தது. அப்படின்னா முதல்ல ஏறினது நாங்க. லாரி கிளம்பின ஊர்லேருந்து பதிவேட்டை வரவழைங்க."

அந்த ஊர்ப் பதிவேடு வந்து சேரும்போது பெட்டிக்காரரின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாள். "சார், மூணு பெட்டியும் அண்ணன்னு போட்டுடலாம்," என்றார் அவர் வாய்க்கு வந்தபடி. "ஒவ்வொண்ணுக்கும் மத்த ரெண்டும் அண்ணன். தம்பின்னு யாருமே இல்ல."

வரைபடத் தலைவர் மீசையை நீவினார். "நல்ல யோசனை. ஆனா அண்ணன் போய்த் தம்பிகிட்ட 'இருக்கா'ன்னு கேக்கலாமா?"

"தம்பியே இல்லையே சார்."

"அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு, எங்க பெட்டி கேட்டதா எங்கேயும் குறிப்பு இருக்கக் கூடாது. கேக்கட்டும். கேட்டதுக்கு ஆதாரம் வேண்டாம்."

எந்தப் பெட்டி யாரிடம் எப்போது என்ன கேட்டது என்று பதிவு செய்யும் வசதியைப் பெட்டிக்காரர் அணைத்தார். இனி எங்காவது பழுது வந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. மற்றபடி கோப்பில் அவர் எழுதியது, திங்கட்கிழமையே எழுதியிருக்கக்கூடிய அதே ஒற்றைச் சொல்: உடன்பிறப்பு. வரைபடத் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஒன்று.

புதன்கிழமை நீரளவைத் தலைவியின் அறை. தலைவி அன்பானவர். வந்தவர்களை உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், கேட்டதெல்லாம் ஆகும் என்பார். ஆனதில்லை.

"இந்த இடம்தான் எனக்கு மனசுக்கு ஒப்பலைப்பா," என்று குறிப்பில் விரல் வைத்தார். "பக்கத்துப் பெட்டி கேட்டா 'இல்லை'ன்னு பதில் சொல்லும்னு போட்டிருக்கே."

"நகல் இல்லேன்னா இல்லைன்னுதானே மேடம் சொல்லணும்?"

"இருபத்தாறு வருஷம் சர்வீஸ். ஒரு மனுஷன்கிட்ட இல்லைன்னு சொன்னதில்ல நான். இல்லைன்னு எழுதணும்னா காரணம் காட்டணும், மேல்முறையீடு வரும். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு சொல்லச் சொல்லு."

"பெட்டிக்கு ரெண்டு பதில்தான் தெரியும் மேடம். இருக்கு, இல்லை."

"அப்ப இருக்குன்னே சொல்லட்டும்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். கேட்ட நிமிஷம் அவங்க மனசு குளிரும் இல்லையா? நேர்ல வாங்க வரும்போது பாத்துக்கலாம்."

"வாங்க வரும்போது இருக்காதே மேடம்!"

"அப்ப நம்ம பெட்டி இன்னொருத்தர்கிட்ட கேட்டு வாங்கிக் குடுக்கட்டும். என் மேஜைக்கு வர்ற ஃபைல் எல்லாம் வேற எப்படி நகருதுன்னு நினைச்சே?"

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பெட்டியும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்ற விதி மூன்று தளங்களுக்கும் பொருந்தும்படி எழுதச் சொன்னார். பெட்டிக்காரர் எழுதினார். இரண்டு.

அன்று மாலை ஏழு மணிக்கு வாடகை அறையில், கட்டி வைத்த இரண்டு பெட்டி படுக்கைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, நேத்து யாருக்கோ அண்ணன் தம்பி சண்டைன்னீங்களே, தீர்ந்துதா?"

"தீர்ந்துது. மூணு பேரும் அண்ணன்."

"உங்க ஆபீசுல பைத்தியம் பிடிச்சிருக்கறது யாருக்குன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்களேன். மிச்சமிருக்கறவங்க பேரைத் தெரிஞ்சுக்கலாம்."

"நான் ஒருத்தன்தான் மிச்சம். அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"இந்தாங்க, இவ பேசணுமாம். நேர்ல உங்களைப் பார்த்தா பயந்துடப் போறா. இவளுக்கு அப்பான்னா உள்ளங்கை அகலம்தானே."

சின்னத் திரையில் மகளின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. "போன் அப்பா! நீ வரும்போது போனோட வருவியா, போனை விட்டு வெளியே வருவியா?"

"வெளியேதான்டா வருவேன். சனிக்கிழமை காலையில கதவைத் திற, அப்பா நிப்பேன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, மூன்றாவது கையெழுத்து இன்னும் பாக்கி.

வியாழக்கிழமை பதிவேட்டுத் தலைவர் குறிப்பை மூன்று முறை வாசித்தார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பக்கத்துப் பெட்டி பதில் சொல்ல எவ்வளவு அவகாசம் குடுத்திருக்கே?"

"ரெண்டு நொடி சார். அதுவே ரொம்ப தாராளம்."

"ரெண்டு நொடி!" அவர் சிரிக்கவில்லை. அவமானப்பட்டவர் போலச் சுவரைப் பார்த்தார். "ஒரு துறை இன்னொரு துறையைக் கேட்டா பதில் சொல்லக் காலக்கெடு பதினஞ்சு வேலை நாள். விதியில இருக்கு. ரெண்டு நொடியில பதில் சொன்னா என்ன நினைப்பாங்க? இவங்களுக்கு வேற வேலையே இல்லைன்னு நினைப்பாங்க."

"சார், அதுவரைக்கும் பக்கம் திறக்காது."

"திறக்காதுன்னு யார் சொன்னா? தாமதமாத் திறக்கும். ரெண்டும் வேற வேற."

"பதில் சீக்கிரம் ரெடியானாகூட..."

"ரெடியானாலும் பதினஞ்சாவது நாள்தான் அனுப்பணும். முன்னாடியே அனுப்பினா அடுத்த தடவை அதையே எதிர்பாப்பாங்க. பழக்கக் கூடாது."

பெட்டிக்காரர் சர்வர் அறைக்குப் போய், இரண்டாம் மாடிப் பெட்டி பதில் சொல்லும் அவகாசம் என்ற இடத்தில் இருந்த '2' ஐ அழித்தார். பெட்டிக்கு நாள் தெரியாது, நொடிதான் தெரியும். பதினைந்து நாளுக்குப் பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் நொடி என்று கணக்குப் போட்டு எழுதினார். இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு எண்ணை அவர் அந்த இடத்தில் கண்டதே இல்லை.

பதிவேட்டுத் தலைவர் அதையும் ஒப்பவில்லை. "இது வெறும் நாள். நான் சொன்னது வேலை நாள். விடுமுறையைக் கழிச்சிருக்கா?"

"பெட்டிக்கு விடுமுறை எப்பன்னு தெரியாதே சார்."

"அதான் திங்கட்கிழமை பட்டியல் வந்திருக்கே. அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கச் சொல்லு."

பட்டியல் வெளியே இருந்தது. வெளியே போகும் முன் பெட்டி பக்கத்துப் பெட்டியைக் கேட்க வேண்டும். கேள்வி சுற்றித் திரும்பி இதே பெட்டிக்கு வரும், இது பதில் சொல்லப் பதினைந்து வேலை நாள். எது வேலை நாள் என்று தெரிய அந்தப் பட்டியல் வேண்டும். பெட்டிக்காரர் இதை விளக்க வாயைத் திறந்தார். சுவர்க் காலண்டர் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு, சொன்னபடி எழுதினார். மூன்று.

கடைசியாக முதன்மை இயக்குநரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. 'உடன்பிறப்புகளின் பதில் வரும் முன் எந்தப் பெட்டியும் நேரடியாக வெளியே செல்லுதல் கூடாது. அது முறையான வழியை மீறுவதாகும்.' ஒளிந்து தப்பிக்க இருந்த கடைசிச் சந்தும் அடைபட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரிப்பன் வெட்டிப் பெட்டிகளைப் பேச வைத்தார்கள்.

பத்து மணி ஒரு நிமிடத்துக்குக் கீழ்த்தளத்தில் ஓர் ஊழியர் வானிலைப் பக்கத்தைத் திறந்தார். கீழ்த்தளப் பெட்டி முதல் மாடியைக் கேட்டது. முதல் மாடிப் பெட்டி மகிழ்ச்சியோடு 'இருக்கு' என்றது. வாங்க வந்தபோது இல்லாததால் அது இரண்டாம் மாடியைக் கேட்டது. இரண்டாம் மாடிப் பெட்டி பதினைந்து வேலை நாளை எண்ணத் தொடங்கி, வேலை நாள் எது என்று கீழ்த்தளத்தைக் கேட்டது. கீழ்த்தளம் 'இருக்கு' என்று சொல்லிவிட்டு, அதை வாங்கிக் கொடுக்க மறுபடி முதல் மாடியைக் கேட்டது. அத்தோடு கட்டடத்தின் எல்லாத் திரைகளிலும் ஒரு சின்ன வட்டம் சுழல ஆரம்பித்தது.

கிணறு தோண்டுகிறவர் ஒருவர் தன் மனையின் நீர்மட்டம் கேட்டு முதல் மாடிக் கவுண்டருக்கு வந்தார். ஊழியர் வட்டத்தைக் காட்டி, "பதினஞ்சு வேலை நாள்," என்றார்.

"போன தடவை நாளைக்கு வாங்கன்னீங்களே?"

"அது பழைய முறை. தினமும் நாளைக்குன்னு சொல்வோம், தினமும் வருவீங்க. இப்ப அலைய வேண்டாம் பாருங்க."

கிணற்றுக்காரர் யோசித்துப் பார்த்து, முன்னேற்றம்தான் என்று ஒப்புக்கொண்டு போனார்.

நண்பகலுக்குள் கட்டடத்தில் இதுவரை இல்லாத அமைதி நிலவியது. நானூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கை மணி ஒரு முறைகூட அடிக்கவில்லை. மூன்று மணிக்குப் பாராட்டுக் கூட்டம் கூடியது. முதன்மை இயக்குநர் பஞ்சுக் குரலில் பேசினார்.

"நண்பர்களே, திங்கட்கிழமை நமது வெளி இணைப்பு பாரம் தாங்காமல் விழுந்தது. இன்று காலை பத்து மணி முதல் அதன் பயன்பாடு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! நூறு சதவீதச் சேமிப்பு. வெளியே என்ன நடக்கிறது என்று ஒரு தகவலும் வராமல் இந்த அலுவலகம் ஒரு முழுநாள் நடந்திருக்கிறது, யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இது ஒன்றே நமது தன்னிறைவுக்குச் சான்று. ஒரு புகார்கூட வரவில்லை. புகார்ப் பக்கத்தை நானே காலையில் திறந்தேன். இன்னும் திறந்துகொண்டிருக்கிறது."

கைத்தட்டல் கூரையை எட்டியது. மற்ற ஊர்க் கிளைகளிலும் இதே முறையைப் பரப்ப வேண்டும் என்று வரைபடத் தலைவர் முன்மொழிந்தார். மற்ற இருவரும் ஒரே குரலில் வழிமொழிந்தார்கள். அந்தக் கட்டட வரலாற்றில் மூன்று துறைகளும் ஒத்துப்போனது அன்றுதான்.

நாலரை மணிக்குப் பெட்டிக்காரர் இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். விடுவிப்பு ஆணை மேஜைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. இயக்குநர் பேனாவின் மூடியைத் திறந்து கையில் பிடித்திருந்தார்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க தம்பி. ஊர்ல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க, இல்ல?"

"ஆமாம் சார். ஆறு மணிக்கு பஸ்."

"தாராளமாப் பிடிக்கலாம்." பேனா முனை தாளைத் தொட்டது. அங்கேயே நின்றது. "ஒண்ணு கேக்கறேன். நமக்குள்ள இருக்கட்டும். இந்தப் பெட்டிங்க நிஜமாவே ஓடுதா?"

ஓடுது சார் என்று சொல்ல ஒரு நொடி போதும். பெட்டிக்காரருக்கும் அது தெரியும். ஆனால் நேற்றிலிருந்து அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் உறுத்திக்கொண்டிருந்தது. எந்த நாலு வரியை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று, அடுத்து வருகிறவருக்காகத் தெளிவாக எழுதி வைத்தது. பழுதான பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய் அவருக்குப் பழக்கமில்லை. எதிரே இருந்த குரலும் அவ்வளவு மென்மையாக இருந்தது.

"ஓடலை சார்," என்றார். "எதுவுமே வெளியே போகலை, எதுவுமே உள்ளே வரலை. இதுல நாலு வரி எழுதியிருக்கேன். இதை மாத்தினா பத்து நிமிஷத்துல ஓடும். யார் வேணும்னாலும் செய்யலாம்."

இயக்குநர் காகிதத்தை வாங்கி முழுதும் படித்தார். நாலாக மடித்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். விடுவிப்பு ஆணையை மெல்ல எடுத்துக் கோப்புக் கட்டின் அடியில் செருகினார். பிறகு பேனாவின் மூடியை டக்கென்று போட்டார்.

"இது ஓடலைன்னு இந்தக் கட்டடத்துல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான் தம்பி, உங்களை எப்படி வெளியே விடறது?"